திருமணம் என்ற சொல்லைத் தவிர எல்லாம்: வெர்மான்ட், 1997–2009

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 26. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தின் ஆளுநர் ஹோவர்ட் டீன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி. முக்கியமான சட்டம் என்றால் பின்னால் பத்துப் பேர் சிரித்தபடி நிற்பார்கள், கேமராக்கள் மின்னும், கையெழுத்துப் போட்ட பேனாவை யாராவது நினைவாக வாங்கிப் போவார்கள். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். அப்புறம்தான் செய்தியாளர்களைச் சந்தித்தார்.

அந்தச் சட்டம்தான் அமெரிக்காவின் முதல் சிவில் யூனியன் சட்டம். திருமணமான ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெர்மான்ட் மாநிலம் என்னென்ன உரிமைகளையும் கடமைகளையும் தருமோ, அத்தனையையும் தன்பாலின இணையருக்கும் அது தந்தது. வாரிசுரிமை, ஜீவனாம்சம், மருத்துவமனையில் கூட இருந்து முடிவெடுக்கும் உரிமை, பிள்ளைகள் மீதான பொறுப்பு, மாநில வரி எல்லாம் அதில் அடக்கம். 'திருமணம்' என்ற சொல் மட்டும் இல்லை. இன்னொன்றும் செய்தார்கள். திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதுதான் என்று அதே சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஒரு கையால் கொடுத்ததற்கு இன்னொரு கையால் வேலி போட்டது போல.

இந்தச் சமரசத்தை முயன்ற முதல் இடம் வெர்மான்ட் அல்ல. டென்மார்க் 1989இலேயே பதிவுசெய்த இணைவு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரான்ஸ் 1999இல் தன் வழியில் ஒன்றைச் செய்தது. ஆனால் இந்தச் சமரசம் எப்படிப் பிறந்தது, யாருக்கு என்ன விலை வைத்தது, எப்படி வழக்கொழிந்தது என்பதை ஒரே இடத்தில், பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துப் பார்க்க வெர்மான்டை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியவில்லை. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை அப்போது 6 லட்சம் சொச்சம். எம்.எல்.ஏ.வைக் கடைத்தெருவில் பார்த்துச் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய அளவு.

மூன்று ஜோடிகள், 1777ஆம் ஆண்டு வாசகம்

வெர்மான்டில் திருமண உரிமம் வாங்க ஊர் அலுவலகத்தில் இருக்கும் டவுன் கிளார்க்கிடம் போக வேண்டும். மூன்று ஜோடிகள் தத்தம் ஊரில் அப்படிப் போய்க் கேட்டார்கள். தர முடியாது என்றார்கள். 1997 ஜூலையில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் 4 ஆண்டிலிருந்து 25 ஆண்டு வரை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. இரண்டு ஜோடிகள் பிள்ளை வளர்த்தவர்கள். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பெத் ராபின்சன், சூசன் மர்ரி, மேரி பொனாட்டோ என்ற மூன்று வழக்கறிஞர்களும் ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்தார்கள். அமெரிக்க அரசமைப்பைத் தொடவே இல்லை, மாநில அரசமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் தீர்ப்பு எதுவானாலும் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் அதில் கை வைக்க முடியாது. வெர்மான்டின் 1777ஆம் ஆண்டு அரசமைப்பில் 'பொது நன்மை' வாசகம் என்று ஒன்று உண்டு. அரசாங்கம் என்பது மக்கள் எல்லாருடைய நன்மைக்காகவும்தான், சமூகத்தின் ஒரு பகுதியாக மட்டும் இருக்கிற தனி மனிதருக்கோ குடும்பத்துக்கோ கூட்டத்துக்கோ சலுகை தருவதற்காக அல்ல என்பது அதன் சாரம். எழுதியவர்கள் மனதில் தன்பாலினத் திருமணம் கனவிலும் இருந்திருக்காது. ஆனால் எழுத்து எழுத்துதானே.

மாநில அரசின் முக்கிய வாதம், திருமணம் என்பது பிள்ளைப்பேற்றையும் வளர்ப்பையும் இணைக்கும் ஏற்பாடு என்பது. நீதிமன்றம் கேட்ட பதில் கேள்விகள் எளிமையானவை. பிள்ளை பெறாதவர்களுக்கும் பெற முடியாதவர்களுக்கும் உரிமம் தருகிறீர்களே? தன்பாலின இணையர் இரண்டு பேரையும் ஒரு குழந்தைக்குச் சட்டப்படி பெற்றோராக இந்த மாநிலமே ஏற்றுக்கொண்டிருக்கிறதே? வெர்மான்டில் அந்தத் தத்தெடுப்பு 1993 முதலே நடந்துகொண்டிருந்தது. பெற்றோராக ஏற்றுக்கொண்டு இணையராக ஏற்க மறுத்தால் கடைசியில் பாதுகாப்பு இல்லாமல் போவது அந்தக் குழந்தைக்குத்தான்.

1999 டிசம்பர் 20இல் தலைமை நீதிபதி ஜெஃப்ரி அமெஸ்டாய் தீர்ப்பு எழுதினார். திருமணத்தின் பலன்களைத் தன்பாலின இணையருக்கு மறுப்பது மாநில அரசமைப்புக்கு எதிரானது என்பதில் 5 நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சரி, அதற்கு என்ன செய்வது என்பதில்தான் பிரிந்தார்கள். பெரும்பான்மை, பந்தைச் சட்டமன்றத்தின் பக்கம் தள்ளியது. திருமணத்தைத் திறந்துவிடுங்கள், அல்லது அதற்கு ஈடான வேறு ஏற்பாடு செய்யுங்கள், எதுவும் செய்யாவிட்டால் இவர்கள் எங்களிடமே திரும்பி வரலாம் என்றது. நீதிபதி டெனிஸ் ஜான்சன் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உரிமை மறுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, அதைச் சரிசெய்யாமல் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம், உரிமத்தைக் கொடுக்கச் சொல்லி நேரடியாக உத்தரவிடுங்கள் என்றார்.

அமெஸ்டாய் ஏன் இப்படிச் செய்தார்? ஓராண்டுக்கு முன்பு, 1998இல், ஹவாயிலும் அலாஸ்காவிலும் நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் சாயத் தொடங்கியதுமே வாக்காளர்கள் அரசமைப்பைத் திருத்திக் கதவை அடைத்திருந்தார்கள். அந்த நிழல் எல்லார் மேலும் விழுந்திருந்தது. ஆனால் வெர்மான்டில் அப்படி அவசரமாகத் திருத்த வழியில்லை. திருத்தம் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில்தான் தொடங்க வேண்டும், அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும், பிறகுதான் மக்கள் வாக்கு. ஜான்சன் சொன்னபடி உத்தரவிட்டிருந்தால் மாநிலம் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பிற்பாடு ஓர் ஆதாரம் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

11 பேர் உட்கார்ந்த அறை

தீர்ப்பு வந்த அன்றே ஆளுநர் டீன், தன்பாலினத் திருமணம் என்றால் தனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேறு பெயரில் ஒரு ஏற்பாடு என்றால் கையெழுத்துப் போடத் தயார். அரசியல் எல்லை அன்றே போடப்பட்டுவிட்டது.

வேலை, சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவிடம் வந்தது. 11 உறுப்பினர்கள். தலைவர் குடியரசுக் கட்சியின் டாம் லிட்டில். துணைத் தலைவர் ஜனநாயகக் கட்சியின் பில் லிப்பர்ட், அன்று சட்டமன்றத்தில் தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒரே உறுப்பினர். ஜனவரி பனிப்பொழிவில் தலைநகர் மாண்ட்பீலியரின் சட்டமன்றக் கட்டடத்தில் பொது விசாரணை வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். சட்டையில் ஒட்டியிருந்த வில்லையைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒருவர் பைபிளை மேற்கோள் காட்டுவார், அடுத்தவர் தன் மகனைப் பற்றிப் பேசுவார்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் வெறுப்பாளர்கள் என்று ஒரே கூடையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மத நம்பிக்கை ஒரு காரணம். ஆனால் 5 நீதிபதிகள் சொன்னால் ஊரே தலையாட்ட வேண்டுமா, எங்களை யாராவது கேட்டார்களா என்பதும் அவர்களில் பலரின் உண்மையான ஆத்திரம். அதுவும் வெர்மான்டில் மார்ச் மாதம் ஊர்க் கூட்டம் போட்டு, கையைத் தூக்கி, ஊர்ச் செலவுக் கணக்கு முதல் சாலை வரை தாங்களே முடிவெடுத்துப் பழகியவர்கள். 2000 மார்ச் 7இல் நடந்த ஊர்க் கூட்டங்களில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட ஊர்களில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகவே பலமாக விழுந்தது. சட்டப்படி அது கட்டுப்படுத்தாது. ஆனால் அடுத்த தேர்தல் நவம்பரில்.

அதற்கு ஒரு மாதம் முன்பே குழு தன் வழியைத் தேர்ந்திருந்தது. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்தைச் சொல்லச் சொன்னார் லிட்டில். 8 பேர் திருமணத்துக்கு ஈடான தனி ஏற்பாடு என்றார்கள், 3 பேர் திருமணம் என்றார்கள். திருமண மசோதாவாகக் கொண்டுபோனால் சபையில் தோற்கும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எதுவுமே கிடைக்காமல் போவதைவிட எல்லாப் பலனும் உள்ள ஒன்றைத் தருவோம், பெயரை விட்டுக்கொடுப்போம் என்பது கணக்கு. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. 'சிவில் யூனியன்' என்ற சொல்லும் அந்தக் குழுவில்தான் மசோதாவுக்குள் வந்தது.

பெயரில் ஒன்றும் இல்லை, பலன்தான் முக்கியம் என்று ஆதரவாளர்களிடம் சொல்லப்பட்டது. பெயரைக் கொடுக்கவில்லையே, அப்புறம் என்ன கோபம் என்று எதிர்ப்பாளர்களிடம் சொல்லப்பட்டது. இரண்டு தரப்புமே இதை நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. பெயரில் ஒன்றுமே இல்லை என்றால் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே?

மார்ச் நடுவில் சபை விவாதம். லிப்பர்ட் எழுந்து தன் வாழ்க்கையைப் பற்றியும், எய்ட்ஸ் காலத்தில் இறந்துபோன நண்பர்களைப் பற்றியும், அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட துணைகளைப் பற்றியும் பேசினார். அதற்குப் பிறகு எழுந்தவர் ராபர்ட் கின்சி, குடியரசுக் கட்சிக்காரர், வயதான விவசாயி. 30 ஆண்டுகளில் தான் கேட்ட மிகச் சிறந்த பேச்சு இது, இவரை நண்பர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதற்கட்ட வாக்கு 76க்கு 69. செனட் 19க்கு 11 என்று ஏற்றுக்கொண்டது. திருமணத்தை ஆண்–பெண் என்று அரசமைப்பிலேயே பூட்டும் திருத்தங்கள் அங்கே தோற்றன. திரும்பி வந்த மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 79க்கு 68 என்று இறுதி செய்தது. மறுநாள்தான் டீன் கதவைச் சாத்திக்கொண்ட நாள்.

(வாக்கு எத்தனை விழும் என்று சில உறுப்பினர்கள் தங்களுக்குள் சின்னதாகப் பந்தயம் கட்டிக்கொண்டார்கள், அதனால் சட்டமே செல்லாது என்று பின்னால் ஒரு வழக்கே வந்தது. உரிமம் வழங்க மனசாட்சி இடம் தராத டவுன் கிளார்க்குகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். 2001இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வழங்க விருப்பமில்லாத கிளார்க், வேறொருவரை உதவியாளராக நியமித்து வழங்கச் செய்யலாம் என்று சட்டத்திலேயே வழி இருந்தது.)

கொட்டகைச் சுவர்கள்

அந்தக் கோடையில் வெர்மான்டின் கிராமச் சாலைகளில் போனவர்கள் மறக்காத ஒன்று உண்டு. மாட்டுக் கொட்டகைகளின் சுவரில், வீட்டு முற்றத்தில், வேலி ஓரத்தில் பெரிய எழுத்தில் பலகைகள்: 'வெர்மான்டை மீட்போம்'. சிவில் யூனியன் என்ற சொல்லே அதில் கிடையாது. தேவைப்படவும் இல்லை. பார்க்கிறவருக்குப் புரியும். பதிலுக்கு மறுதரப்பு 'வெர்மான்டை முன்னே கொண்டுபோவோம்' என்று பலகை வைத்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஆளுக்கொரு பலகை.

தேர்தலில் அடி விழுந்தது. ஆதரித்து வாக்களித்த உறுப்பினர்கள் பலர் பதவியை இழந்தார்கள். அதிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் பொதுத் தேர்தல் வரைகூடப் போகவில்லை, உட்கட்சித் தேர்தலிலேயே சொந்தக் கட்சிக்காரர்கள் கவிழ்த்தார்கள். கின்சி அப்படித்தான் போனார். மேரியன் மில்ன் என்ற இன்னொரு குடியரசுக் கட்சி உறுப்பினரும் அப்படித்தான். பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. டீன் பிரசாரத்தின்போது சில இடங்களில் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்துகொண்டு போனார். 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டி வென்றார். வெர்மான்டில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் ஆளுநரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் என்பதால் அந்த மயிரிழை அவருக்கு ரொம்ப முக்கியம்.

சமரசம் செய்தால் எதிர்ப்பு தணியும் என்ற கணக்கு இங்கேதான் பொய்த்தது. பெயரை விட்டுக்கொடுத்ததற்காக ஒரு பலகைகூடக் குறையவில்லை. திருமணம் என்றே சட்டம் போட்டிருந்தாலும் இதே பலகைகள்தான் முளைத்திருக்கும். ஆனால் அப்படிப் போட்டிருக்க ஓட்டு இருந்திருக்காது, அதையும் மறுக்க முடியாது. பெயரை விட்டதால் சபையில் கடைசிச் சில ஓட்டுகள் கிடைத்தன. ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை.

சபையைக் கைப்பற்றியவர்கள் 2001இல் சிவில் யூனியனை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முயன்றார்கள். செனட் அதைத் தொடவில்லை. அப்புறம் பலகைகள் வெயிலிலும் பனியிலும் வெளுத்தன. 2004இல் ஜனநாயகக் கட்சி சபையைத் திரும்பப் பிடித்தது. வானம் இடிந்து விழவில்லை என்பதை மக்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அனுப்பாத படிவம்

2000 ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் சில ஆண்டுகளில் வந்து உரிமம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் வெளிமாநிலத்தவர்கள். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. அதைவிடச் சிக்கல், பிரிய நினைத்தால் வந்தது. கனெக்டிகட் நீதிமன்றம் ஒன்று 2002இல், சிவில் யூனியன் என்ற ஒன்றே எங்கள் சட்டத்தில் இல்லை, இல்லாததை எப்படிக் கலைப்பது என்று கையை விரித்தது. வெர்மான்டில் கலைக்கலாம் என்றால் அங்கே ஓராண்டு குடியிருக்க வேண்டும்.

மாநிலத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்கு வேறு மாதிரித் தலைவலி. அமெரிக்காவில் வருமான வரி இரண்டு இடத்துக்கு: மத்திய அரசு, மாநில அரசு. வெர்மான்ட் கண்ணில் இவர்கள் தம்பதி. மத்திய அரசின் கண்ணில் ஒரே முகவரியில் வசிக்கும் இரண்டு தனி ஆட்கள். மாநில வரிக் கணக்கோ மத்தியப் படிவத்தின் எண்களிலிருந்துதான் தொடங்கும். அதனால் இவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் ஆளுக்கொரு மத்தியப் படிவம் நிரப்பி வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். பிறகு தாங்கள் திருமணமானவர்களாக இருந்தால் கணக்கு எப்படி வரும் என்று மத்தியப் படிவத்தில் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார்கள். அது யாருக்கும் வரிப் படிவமாகப் போகாது, மாநிலப் படிவத்துக்கு எண் எடுக்க மட்டும். வேலை செய்யும் நிறுவனம் துணைக்கு மருத்துவக் காப்பீடு தந்தால் அதன் மதிப்பை வருமானமாகச் சேர்த்து மத்திய அரசு வரி போடும். பக்கத்து மேசையில் இருக்கும் திருமணமானவருக்கு அந்த வரி இல்லை.

இதற்கெல்லாம் பெயர் காரணமா? நேர்மையாகச் சொன்னால், அந்தக் காலத்தில் இல்லை. 1996இல் வந்த திருமணப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசைப் பொறுத்தவரை திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று சொல்லிவிட்டது. வெர்மான்ட் 'திருமணம்' என்றே கொடுத்திருந்தாலும் வாஷிங்டன் கண்டுகொண்டிருக்காது. சிவில் யூனியனைக் குறை சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பெயர் இல்லாததன் விலை 2013இல்தான் தெரிந்தது. அந்த ஜூனில் வின்ட்சர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்ததும், திருமணம் செய்திருந்த தன்பாலினத் தம்பதிகளுக்கு மத்திய வரித் துறை கதவைத் திறந்தது. சிவில் யூனியன் வைத்திருந்தவர்களை, அது திருமணம் அல்ல என்று சொல்லி வெளியிலேயே நிறுத்தியது. 13 ஆண்டுகளுக்கு முன் ஓட்டு வாங்குவதற்காக விட்டுக்கொடுத்த சொல், ஒரு வரிப் படிவத்தின் கட்டத்தில் வந்து நின்றது.

இதற்கிடையே மற்ற மாநிலங்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் திருமணமே தர வேண்டும் என்றது. அந்த மாநில செனட், வெர்மான்ட் பாணியில் சிவில் யூனியன் கொடுத்தால் போதாதா என்று எழுதிக் கேட்டது. தனியாக வைப்பது சமமாக இருப்பது அரிதிலும் அரிது என்று பதில் வந்தது. 2004 மே 17 முதல் அங்கே திருமணம். அதைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2007இல் போதிய ஓட்டு இல்லாமல் செத்தது. முன்னால் சொன்ன ஆதாரம் இதுதான். மெதுவாகத் திருத்தும் அரசமைப்பு உள்ள ஒரு மாநிலம், படிக்கட்டு இல்லாமலேயே மேலே ஏறி நின்று காட்டியது. ஆகவே, முதலில் சிவில் யூனியன் வந்ததால்தான் பின்னால் திருமணம் வந்தது என்ற வாதத்தை நான் முழுசாக ஏற்கவில்லை. வெர்மான்டில் அப்படி நடந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

நியூஜெர்சி நிலைமை இன்னும் தெளிவு. அங்கே 2006இல் நீதிமன்றம் சம உரிமை கேட்டது, சட்டமன்றம் சிவில் யூனியன் கொடுத்தது, அதோடு அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆணையத்தையும் வைத்தது. ஆணையம் 2008இல் இது சம உரிமை தரவில்லை என்று அறிக்கை கொடுத்தது. நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு முறையும் 'சிவில் யூனியன் என்றால் என்ன?' என்று விளக்க வேண்டியிருந்தது என்பதுதான் மக்கள் வந்து சொன்னது. 'கணவர்', 'மனைவி' என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. புதுச் சொல்லுக்கு, கையோடு சட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும்.

அதே டாம் லிட்டில்

2007இல் வெர்மான்ட் சட்டமன்றத் தலைவர்கள் ஓர் ஆணையம் அமைத்தார்கள். சிவில் யூனியன் போதுமா, திருமணம் வேண்டுமா என்று ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்பது அதன் வேலை. தலைவராக நியமிக்கப்பட்டவர் டாம் லிட்டில். ஆமாம், 7 ஆண்டுகளுக்கு முன் குழு மேசையில் சிவில் யூனியனைக் கட்டியெழுப்பிய அதே லிட்டில்.

ஒரு தச்சரைக் கூப்பிட்டு, நீ செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் முதுகு வலிக்கிறது என்கிறார்கள், போய்க் கேட்டு வா என்று அனுப்பியது மாதிரி. அவர் கேட்டார். 2008 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார்கள். சட்டம் மாற வேண்டும் என்று நேரடியாகப் பரிந்துரைக்கவில்லை, ஆனால் வந்து பேசியவர்கள் சொன்ன குறைகளை வரிசையாகப் பதிவு செய்தார்கள். எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டங்களைப் புறக்கணித்தார்கள். 2000 ஜனவரியில் பனியில் நின்று வரிசை கட்டியவர்கள் இப்போது வரவில்லை என்பதே எனக்கு ஒரு தகவலாகத் தெரிகிறது.

2009இல் திருமண மசோதா வந்தது. செனட் 26க்கு 4. ஆளுநர் இப்போது குடியரசுக் கட்சியின் ஜிம் டக்ளஸ், மசோதா தன் மேசைக்கு வருவதற்கு முன்பே நிராகரிப்பேன் என்று அறிவித்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: சிவில் யூனியனே எல்லா உரிமையும் தந்துவிட்டதே, இதற்கு மேல் என்ன? 2000இல் தீவிரம் என்று திட்டப்பட்ட அதே சட்டம், 2009இல் பழைமைவாதியின் கேடயமாகிவிட்டது. சமரசங்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. வயதாக வயதாக, அதை எதிர்த்தவர்களே அதைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்குவார்கள்.

பிரதிநிதிகள் சபை ஏப்ரல் 3இல் 94க்கு 52 என்று நிறைவேற்றியது. ஏப்ரல் 6இல் டக்ளஸ் நிராகரித்தார். நிராகரிப்பைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மறுநாள் காலை செனட்டில் 23க்கு 5, பிரச்சினை இல்லை. பிரதிநிதிகள் சபையில் 149 பேர் வாக்களித்தால் தேவை 100. பெயர் வாசித்து ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நான்கு நாட்களுக்கு முன் எதிர்த்து வாக்களித்த சிலர் மாறினார்கள். முடிவு 100க்கு 49, ஓர் ஓட்டுகூட மிச்சமில்லை. நீதிமன்றம் சொல்லாமல் சட்டமன்றமே தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் வெர்மான்ட்.

செப்டம்பர் 1 முதல் புதிய சிவில் யூனியன்கள் பதிவாவது நின்றது. பழையவை ரத்தாகவில்லை. ஆனால் தாமாகத் திருமணமாகவும் மாறவில்லை. 2000இல் வரிசையில் நின்று உரிமம் வாங்கியவர்கள், திருமணம் வேண்டும் என்றால் மறுபடி அதே ஊர் அலுவலகத்துக்குப் போய், அதே கிளார்க்கிடம், வேறொரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சிலர் போனார்கள். எங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, எத்தனை தடவைதான் செய்வது என்று சிலர் போகாமலேயே விட்டார்கள்.